ரோபோவுக்காக ஒரு குளம்

ஹென்னி நீச்சல் குளத்துக்குப் படம் போட ஆரம்பித்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியவில்லை. அவர் மனைவி எல்சபே காபியையும் ரஸ்க்கையும் மடியில் வைத்துக்கொண்டுதான் காலை ஆகாரத்தை முடித்தாள். ஹென்னி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். ஸ்கேலும் பென்சிலும் கையில் கிடைத்துவிட்டால் கூரையே இடிந்து விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"அம்மா, இங்க பாரு. தரை முழுக்க ஒரே மட்டம். மூலை எல்லாத்தையும் வளைச்சு விட்டுட்டேன். குளத்தைச் சுத்தம் பண்ற ரோபோ எங்கயும் முட்டிக்கிட்டு நிக்காது. பிளக் பாயிண்ட் இந்தப் பக்கத்து நடுவுல, தண்ணிய விட்டு நல்லாத் தள்ளி. ஒயர் ரெண்டு பக்கமும் சரியா எட்டும்."

"சந்தோஷம். படி எங்க?"

"படி வேணாம். படி ஓரத்துல குப்பை தங்கும். ரோபோவுக்கு ஏறி எறங்கச் சிரமம்."

"உக்கார ஒரு திட்டு?"

"அதுவும் வேணாம்."

"அப்ப நான் எப்படி இறங்குறது அப்பா? என்னையும் பிளக்ல சொருகி உள்ள விட்டுடுவீங்களா?"

மகள் மாரிக்கா பிறந்ததிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். எல்சபே இன்னும் பேர் சொல்லும் நிலைக்கு வரவில்லை, ஆனால் நெருங்கிக்கொண்டிருந்தாள்.

இதே இடத்தில் முன்பு ஒரு குளம் இருந்தது. குளம் என்றால் பெரிய குளமில்லை, தகரச் சுவரும் பிளாஸ்டிக் விரிப்புமாகத் தரைக்கு மேலே நின்ற ஒரு வட்டத் தொட்டி. அதைச் சுத்தம் செய்ய மெஷினும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சனிக்கிழமை காலையில் மாரிக்காவும் தெருவிலிருந்த அத்தனை வாண்டுகளும் உள்ளே குதிப்பார்கள். ஹென்னி வெளியே வலைக்கம்போடு நின்று, "கிளம்புங்கடா!" என்று கத்துவார். எல்லோரும் சுவரை ஒட்டி ஒரே பக்கமாக நடப்பார்கள், பிறகு ஓடுவார்கள். தண்ணீர் சுழலத் தொடங்கும். "காலைத் தூக்கு!" என்றதும் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொள்ள, சுழல் அவர்களை இழுத்துக்கொண்டு போகும். இலையும் பூவும் மண்ணும் நடுவில் வந்து குவிய, ஹென்னி ஒரே அள்ளாக அள்ளிவிடுவார். பிறகு தோட்டத்தில் கரி அடுப்பு மூட்டி, ஈரத் தலையோடு எல்லோருக்கும் தொத்திறைச்சி. பிரிட்டோரியாவில் அந்தத் தெருவில் அவ்வளவு சத்தம் போட்ட வீடு வேறு இல்லை. என்ன நாட்கள் அவை!

அந்தத் தொட்டி இற்றுப்போய்விட்டது. மாரிக்காவும் படித்து, வேலை கிடைத்து, கல்யாணம் செய்துகொண்டு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன் மகள் ஆன்யாவோடு வருகிறாள் என்பதால்தான் புதுக் குளம். ஹென்னிக்கு ஆபரேஷன் செய்து முட்டி மாற்றிவிட்டார்கள், வலைக்கம்போடு நிற்க முடியாது என்பதால்தான் ரோபோ. இதுவரை எல்லாம் நியாயம்தான். வம்பு எங்கே வந்ததென்றால் மரத்தில் வந்தது.

குளம் கட்ட வந்த கஹீசோ படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் பாதிக் குளங்கள் அவர் தோண்டியவை.

"சார், படம் பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். இதுல மனுஷங்க குளிப்பாங்களா, இல்ல மெஷின் மட்டும்தானா?"

எல்சபே காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். ஹென்னி சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்து மொட்டையாக நின்ற ஜகரண்டா மரத்தைக் காட்டினார்.

"அந்த மரம் போகுது. சனிக்கிழமை ரம்பக்காரன் வர்றான். அக்டோபர்ல அது கொட்டுற பூவுக்கு ரோபோவோட குப்பைக் கூடை ஒரு மணி நேரத்துல அடைச்சுக்கும்."

"அடைச்சா அவுத்துக் கொட்டிட்டு மறுபடி விடுங்க சார். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. இத வெட்டிட்டா புதுசு நட விட மாட்டாங்க, தெரியும்ல? வெளிநாட்டு மரம்னு சட்டம். இருக்கறது இருக்கலாம், போனா போனதுதான்."

"போகட்டும்" என்றார் ஹென்னி.

படி இல்லாமல் போகட்டும், திட்டு இல்லாமல் போகட்டும், எல்சபே ஏணி போட்டுக்கூட இறங்கிக்கொள்வாள். அந்த மரம் மட்டும் போகக் கூடாது.

மாரிக்கா பள்ளியில் கடைசி வருஷம் படித்தபோது கணக்கு அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. பரீட்சை நேரத்தில் ஜகரண்டாப் பூ தானாகத் தலையில் விழுந்தால் பாஸ் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நம்பிக்கை. மாரிக்கா தினமும் காலையில் புத்தகப் பையோடு மரத்தடியில் போய் நிற்பாள். பூ தோளில் விழும், பையில் விழும், நாயின் மூக்கில்கூட விழும். தலையில் மட்டும் விழாது. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் காலையில், ராத்திரி வேலை முடிந்து வந்த ஹென்னி சீருடையைக்கூட மாற்றாமல் மரத்தின் பின்பக்கம் ஏணியைச் சாத்தி ஏறினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்சபே. அவர் கிளையை உலுக்கினார். "விழுந்துடுச்சு!" என்று மாரிக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவள் பாஸாகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்சபே பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஹென்னி, உண்மையச் சொல்லுங்க. ஒரு கூடையைத் தட்டிக் கொட்டறதுக்குச் சோம்பல் பட்டுத்தானா மரத்த வெட்டறீங்க?"

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மாரிக்கா தலையில அந்தப் பூவ யாரு போட்டது?"

"நீங்கதான் போட்டீங்க. நான்தான் ஏணியப் பிடிச்சேன்."

"நான் போடலன்னா அவ பாட்டுக்கு ஃபெயிலாகியிருப்பா. இங்கயே ஏதாவது கடையில வேலை பாத்துக்கிட்டு, இதே தெருவுல இருந்திருப்பா. ஞாயித்துக்கிழமை ஆனா சாப்பிட வந்திருப்பா. மெனக்கெட்டு மரமேறி, நானே உலுக்கி, நானே அனுப்பி வச்சேன். தினம் காலையில எந்திரிச்சு அந்த மரத்தப் பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுது அம்மா. எனக்கு அவ இல்லாம முடியல."

எல்சபேக்கும்தான் முடியவில்லை. ஆனால் அவள் அழுவதற்குப் பதிலாகப் போனை எடுத்தாள். நியூசிலாந்தில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மாரிக்கா தூக்கக் கலக்கத்தோடு திரையில் வந்தாள். எல்சபே ஒன்று விடாமல் சொன்னாள், ரோபோவிலிருந்து வயிற்றெரிச்சல் வரை. ஹென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, இங்க பாருங்க" என்றாள் மாரிக்கா. "நீங்க மரத்து மேல ஏறியிருந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிட்டிருக்கீங்க? காக்கி டவுசரும் வெள்ளைக் காலும் தெருவுக்கே தெரிஞ்சுது!"

ஹென்னி திரும்பினார். "தெரிஞ்சும் ஏண்டி அந்தக் கத்து கத்தினே?"

"ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு வந்து என் அப்பா எனக்காக மரம் ஏறினாரேன்னு கத்தினேன். பூவுக்கா கத்தினேன்? அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன் பாருங்க, அப்படி நான் படிச்சதே கிடையாது. நான் இங்க வந்தது வேலைக்காக அப்பா. மரத்து மேல பழி போடாதீங்க. ஆன்யாவுக்குச் சோறூட்டறப்ப எல்லாம் அந்த மரக் கதையத்தான் சொல்லி வளர்த்தேன். வந்து எங்க மரம்னு கேட்டா, என்னத்தக் காட்டுவேன்?"

ஹென்னி படம் கிடந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ரப்பர் தேய்க்கும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. எல்சபே எட்டிப் பார்த்தபோது படத்தில் குளம் மரத்தைவிட்டு வீட்டுப்பக்கம் கொஞ்சம் தள்ளி வந்திருந்தது. ஒரு ஓரத்தில் அகலமாகப் படிகள், கைப்பிடி, மரத்தைப் பார்த்தபடி ஒரு திட்டு.

"ரம்பக்காரனுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு அம்மா. எனக்கு வெக்கமா இருக்கு."

அக்டோபர் கடைசியில் குளம் தயாராகிவிட்டது. மரம் அதற்கு முன்பே தயாராகி, ஊதாப் பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் தண்ணீரில் விட்ட ரோபோ மூச்சுமுட்டி நடுவில் நின்றுவிட்டது. ஹென்னி படியில் உட்கார்ந்து கூடையை அவிழ்த்துக் கொட்டினார், திட்டினார், மறுபடி விட்டார். பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. திட்டுவதும் சேர்த்துத்தான்.

ஒருநாள் காலை போன் அடித்தது. அங்கே சாயங்காலம். திரையில் ஆன்யா, அழுத கண்ணோடு.

"தாத்தா, நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை. எனக்கு ஒண்ணுமே வரல. இங்க அந்த மரம் இல்ல."

ஹென்னி எல்சபேயைப் பார்த்தார். எல்சபே, "முட்டிய நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஏணியை எடுக்கப் போனாள்.

போனைப் புல்லில் மல்லாக்க வைத்தார்கள். திரையில் ஆன்யாவின் முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. எல்சபே ஏணியைப் பிடிக்க, ஹென்னி முனகிக்கொண்டே மூன்றாவது படிவரை ஏறி, எட்டிய கிளையைப் பிடித்து உலுக்கினார். பூக்கள் குளத்தில் விழுந்தன, ரோபோ அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடியது. எல்சபேயின் தலையில்கூட ஒன்று விழுந்தது. போனில் மட்டும் விழவில்லை.

"அப்பா, எறங்குங்க!" என்று போனுக்குள்ளிருந்து மாரிக்கா கத்தினாள். "விழுந்து வைக்கப்போறீங்க!"

ஹென்னி கிளையைப் பிடித்தபடி கீழே பார்த்தார்.

"அம்மா, இவ பாஸாகி எந்த ஊருக்குப் போவாளோ."

"எங்க வேணா போகட்டும்" என்றாள் எல்சபே. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "நல்லா உலுக்குங்க."

அவர் இன்னும் ஒரு படி ஏறி, இரண்டு கையாலும் உலுக்கினார்.