எதிர்க்கை இல்லாத கும்மி

துடியலூர்ப் பக்கம் இந்த லேஅவுட்டுக்குக் குடிவந்த முதல் நாளே, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டேன். நுழைவாயிலை ஒட்டிய மின்கம்பத்தில் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் இருந்தாள் அவள். பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் போல. சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். பெயர் ஷ்ரவ்யா. எப்படி இறந்தாள் என்று போடவில்லை. பாவம், ஏதோ விபத்து என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு கட்டுவதில் டெய்சியை அடிச்சுக்க ஆளில்லை என்பார் என் வீட்டுக்காரர் பிரகாசம்.

அந்தப் பெண்ணின் அம்மா ராசாத்தாள் அக்கா எங்கள் எதிர்வீடு. அப்பா திருமலைசாமி கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். வள்ளிக்கும்மிக் குழு ஒன்றும் நடத்தினார்; மைக்கைப் பிடித்து அவர்தான் பாடுவார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடாயிற்றே என்று நான் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போய்விடும். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது, எங்கள் கோவிலில் ஷ்ரவ்யாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசையும் ஒப்புக்கொடுத்தேன். சாமியார் பீடத்தில் அவள் பெயரை வாசித்ததைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ராசாத்தாள் அக்காவிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கட்டுங்க அம்மணி, நல்லா இருக்கட்டும்" என்றாள். செத்துப்போனவளை எப்படி நல்லா இருக்கச் சொல்கிறாள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் பிறந்ததும் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கலை விழா வேலை ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் ஒரே மேடையில் வாரிக் கட்டிவிடும் விழா. எங்கள் கோவில் இளைஞர்களின் கேரல், பிள்ளைகள் நடனம், முடிவில் வள்ளிக்கும்மி. என் தொண்டை ஊருக்கே தெரிந்த தொண்டை என்பதால் அறிவிப்பாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

பூங்காவில் தண்ணீர் டேங்குக்கு முன்னால் தினமும் சாயங்காலம் கும்மி ஒத்திகை நடந்தது. பார்க்கப் போனேன். அடடா, அந்தச் சலங்கைச் சத்தத்துக்கு நமக்கே கால் நிற்காது. எல்லாப் பாட்டுக்கும் வட்டமாகச் சுற்றுகிறவர்கள், கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று, ஒருத்தி உள்ளங்கையோடு ஒருத்தி உள்ளங்கை தட்டுவார்கள். ராசாத்தாள் அக்காவுக்கு எதிரில் மட்டும் ஆள் இல்லை. அவள் பாட்டுக்கு இரண்டு கையையும் நீட்டி வெறும் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோர் கையும் சத்தம் போட்டது. அவள் கையில் சத்தமே இல்லை.

"அந்த இடத்துல வேற யாரையாச்சும் நிறுத்தலாமில்ல?" என்று ஆடி முடித்துப் பக்கத்தில் வந்து நின்ற பங்காரம்மாவிடம் கேட்டேன்.

"பனி எறங்குதுங்க. தலைக்கு எதையாச்சும் போத்திக்குங்க" என்றாள் அவள். நான் கேட்டதென்ன, இவள் சொல்வதென்ன!

அப்போதுதான் பார்த்தேன். டேங்கின் தூணை ஒட்டி, வெளிறிய பச்சைச் சுடிதாரில் ஒரு பெண் நின்றிருந்தாள். அதே முகம். ஃப்ளெக்ஸில் இருந்த அதே முகம், சிரிப்பு மட்டும் இல்லை. டீ கொண்டுவந்த பெண் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனவள், அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்கு நீட்டினாள். இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து அவள் முன்னால் சட்டென்று வளைந்து போனார்கள். ஒருவர் கண்கூட அவள்மேல் நிற்கவில்லை. அப்படியென்றால் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறாளா? இயேசுவே, பூசை வைத்தது நான்தானே, அதனால் என்னைத் தேடி வந்துவிட்டாளா? செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வீட்டுக்கு ஓடினேன்.

பிரகாசம் சிரித்தார். "உனக்குப் பயந்து பேய்தான் ஓடணும்."

மறுநாளும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. டேங்குப் பக்கம் திரும்பவே கூடாது என்று செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன். தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்கக்கா, எங்கம்மாளுக்கு உடம்பு சரியில்லீங்களா? இளைச்சிருக்கறாங்க."

நான் போட்ட சத்தத்தில் பாட்டே நின்றது. திருமலைசாமி மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்தவளைப் பார்க்கவில்லை. "எறும்பு கடிச்சிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். பாட்டு தொடர்ந்தது.

"பயப்படாதீங்கக்கா. நான் சாவலீங்க" என்றாள் அவள். என் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கா நான் பூசை வைத்தேன்!

கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாளாம். இப்போது பல்லடத்தில் குடித்தனம். அவள் போன மூன்றாம் நாள் அப்பா பேரூர் ஆற்றங்கரைக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்திருக்கிறார். திரும்பி வரும்போதே ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது. ஊரும் அவரோடு ஒத்துக்கொண்டது. ஒருத்தரும் அவளோடு சண்டை போடவில்லை, திட்டவில்லை. பார்க்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

"உங்கப்பா அடிச்சாரா?"

"இல்லீங்க. அடிச்சா நான் இருக்கறதா ஆயிருமில்லீங்க" என்றாள். "பஸ் ஏறி வாரேன், ஒரு மணி நேரம் நிக்கறேன், போறேன். பழகிப்போச்சு. ஆனா சில நாள் திரும்பிப் போறப்ப, பஸ்ல கண்டக்டர் டிக்கெட் கேக்கற வரைக்கும் எனக்கே சந்தேகமா இருக்குதுங்க, நெசமாலுமே செத்துட்டனோன்னு."

முந்தின நாள் பேய் என்று நினைத்து வந்த பயம் ஒன்றுமே இல்லை. இந்தப் பயம்தான் பயம்.

அன்றைக்கே எதிர்வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, உங்க பொண்ணு உயிரோட இருக்கா. டேங்க் ஓரமா தினமும் வந்து நிக்கறா. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ராசாத்தாள் அக்கா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேசினாள்.

"தெரியுமுங்க அம்மணி. அதுக்குத்தான் டேங்கைப் பாத்து நின்னு தட்டறேன்."

"ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"அவ பேரை எடுத்தா எனக்கும் சேத்துத் தலை முழுகிருவேன்னுட்டாருங்க. செஞ்சுபோடுவாரு, அவரைப் பத்தி எனக்குத் தெரியும். அவரு வாயால ஒருக்கா, ஒரே ஒருக்கா அவளைப் பேர் சொல்லிக் கூப்புட்டுப்போட்டாருன்னா, அப்புறம் செத்தவன்னு யாரும் சொல்ல முடியாதில்லீங்க? அதுக்குத்தான் காத்துக் கிடக்கறேன். அதுவரைக்கும் எனக்குப் புள்ளை இல்லீங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "ஒருக்காத் தொட்டுப் பாக்கோணுமுன்னு இருக்குது."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமார் டமார் என்று போட்டேன். நல்ல மனுஷர்தான் அந்தத் திருமலைசாமி, யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஒரு விஷயம் உறைத்தது. அடிச்சா இருக்கறதா ஆயிரும் என்றாளே அந்தப் பெண். அப்படியானால் துரத்தினாலும் இருக்கிறதாகத்தானே ஆகும்? செத்தவளிடம் போய் 'வெளியே போ' என்று எவன் சொல்வான்? அடுத்த சாயங்காலம் டேங்க் ஓரமாகப் போய் அவள் காதில் போட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

விழா நாள் வந்தது. பூங்கா முழுக்கச் சீரியல் விளக்கு, மரத்துக்கு மரம் காகித நட்சத்திரம். கேரல் முடிந்தது, பிள்ளைகள் ஆடினார்கள், சங்கத் தலைவர் வழக்கம்போல் அறுத்தார். கும்மி தொடங்கியபோது கூட்டம் எழுந்து நின்றுகொண்டது. வள்ளி வீட்டாருக்குத் தெரியாமல் முருகனோடு போனதை அந்த மனுஷர் எவ்வளவு உருகிப் பாடினார் தெரியுமா! வள்ளி போனால் அது பாட்டு, பெற்ற பிள்ளை போனால் ஃப்ளெக்ஸ். என் வாயில் வந்ததை எப்படியோ விழுங்கினேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் என் மைக்கை எடுத்தேன். "அடுத்த பாட்டுக்கு வட்டத்தில் இடம் இருக்கிறது. ஆட விருப்பமுள்ளவர்கள் யாராக இருந்தாலும் உள்ளே வரலாம்!" திருமலைசாமி கொடுத்த நிகழ்ச்சி நிரலில் அப்படி எதுவும் இல்லை. அவர் புருவத்தைச் சுருக்கினார். நான் கவனிக்காதது போல நின்றேன்.

ஷ்ரவ்யா செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். யாரும் வழிவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் வழி உண்டானது. அம்மாவுக்கு எதிரில் போய் நின்றாள்.

திருமலைசாமியின் தம்பி முறையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நாலு எட்டு வேகமாக வைத்தவர் அப்படியே நின்றார். கையைப் பிடித்து இழுத்தால், யாரை இழுத்தாய் என்று கேட்பார்களே? சுற்றிலும் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தார்.

பாட்டை ஆரம்பிக்காமல் இருக்கலாம் திருமலைசாமி. ஆனால் ஏன் என்று கூட்டம் கேட்குமே. ஆரம்பித்தார். ராசாத்தாள் அக்கா கையை நீட்டினாள். இத்தனை நாள் சத்தமே வராத அந்தக் கையிலிருந்து பளீரென்று ஒரு தட்டு கேட்டது. அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை இறுக்க மூடியிருந்தாள். கண்ணீர் மட்டும் தாடை வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வேகத்தைக் கூட்டினார். கும்மியில் வேகம் கூடுவது வழக்கம்தான். ஆனால் அவர் கூட்டிய வேகம் அந்த ஒருத்தியை உதறித் தள்ளுவதற்கு. சலங்கைக் கால்கள் தடுமாறின. பங்காரம்மா மூச்சிரைத்து வெளியே வந்தாள். இன்னும் இரண்டு ஜோடி கழன்றது. அம்மாளும் மகளும் விடவில்லை. தட்டுகிறார்கள், சுற்றுகிறார்கள், மறுபடி தட்டுகிறார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது. தெரியாத்தனமாக எதையோ கிளப்பிவிட்டோமோ, நிறுத்தலாமா என்று மைக்கைத் தூக்கினேன்.

அதற்குள் யாருடைய சேலை முனையிலோ ஷ்ரவ்யாவின் கால் சிக்கியது. பக்கவாட்டில் போய் விழுந்தாள். ஸ்பீக்கர் பெட்டியின் விளிம்பில் தலை மோதிய சத்தம் எனக்கே கேட்டது.

"ஷ்ரவ்யா! ஐயோ கண்ணு!"

எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் வந்தது அந்தக் குரல். எதிர் அபார்ட்மெண்ட் சுவரில் போய் முட்டி, இன்னொரு தடவை திரும்பி வந்தது. திருமலைசாமி மைக்கை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அங்கே அத்தனை பேர் இருந்தோம், ஒரு சலங்கைகூட அசையவில்லை.

பிறகு மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தார். "யாரோ ஒரு புள்ளை கீழ உழுந்துருச்சுங்க. யாராச்சும் பாருங்க" என்றார்.

"யாரோ இல்லீங்க!"

ராசாத்தாள் அக்கா தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "பேர் சொல்லிக் கூப்புட்டீங்க. ஊரே கேட்டுச்சு. நானும் சொல்றேன், ஷ்ரவ்யா. என் புள்ளை ஷ்ரவ்யா. இனி எனக்கும் தலை முழுகறதுன்னா இப்பவே போய் முழுகிப்போட்டு வாங்க."

எங்களைச் சுற்றி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள், நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் பழக்கம், கண் அவளிடம் போக மறுத்தது. நான்தான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். நெற்றியில் ரத்தம். ஷ்ரவ்யா அம்மாவின் மடியிலிருந்து கொஞ்சமாக எழுந்து, அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கூப்புட்டீங்களே. ஏனுங்கப்பா?"

அவர் மேடைப் படியில் இறங்கினார். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார். மகளுக்கு எட்டிய தூரத்தில் வந்து நின்று, மனைவியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அடி பலமா?"

ராசாத்தாள் அக்கா சேலைத் தலைப்பால் மகளின் நெற்றியை ஒற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"என்னைய எதுக்குங்க கேக்கறீங்க? அவளையே கேளுங்க."

வெகுநேரம் ஆனது. கேட்டார்.