இரண்டாவது வடிவம்

வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். யாருக்கு மார்க் குறைந்தாலும் டீச்சரிடம் வாதாடப் போவது அவள்தான். இந்தத் தடவை வழக்கு அவளுடையதே. வேதியியலில் தேற ஒரு மார்க் குறைந்திருந்தது. தேறாவிட்டால் அறிவியல் பிரிவிலிருந்து மாற்றிவிடுவார்கள். மருந்தாளர் ஆகப்போகிறேன் என்று வீடெல்லாம் தம்பட்டம் அடித்தவளுக்கு அது தலையில் இடி.

அந்த மார்க் எங்கே போனது என்றும் தெரியும். டைகுளோரோமீத்தேனுக்கு எத்தனை வடிவம் என்று கேட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின். குளோரின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று, எதிரெதிரே இருந்தால் இன்னொன்று, ஆக இரண்டு. வகுப்பு மொத்தமும் அப்படித்தான் எழுதியிருந்தது. டீச்சர் அந்தக் கேள்விக்கு மொத்த வகுப்புக்கும் சுழி போட்டுவிட்டார்.

“போர்டுல நீங்க கூட்டல் குறி மாதிரிதானே போட்டீங்க டீச்சர்? அப்ப ரெண்டு விதமா வைக்கலாமே.”

“போர்டு தட்டை, அதனால அப்படிப் போட்டேன். அதை அன்னிக்கே சொல்லாதது என் தப்பு. ஆனா பதில் ஒண்ணுதான்.” டீச்சர் இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலம் பலூனை எடுத்து நீட்டினார். “குளோரினுக்குச் சிவப்பு ரெண்டு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை ரெண்டு, ஒரே முடிச்சுல கட்டு. உன் ரெண்டாவது வடிவத்தைக் கொண்டு வா, எல்லாருக்கும் மார்க் போடறேன்.”

இவ்வளவுதானா என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பலூன்களோ தட்டையாகப் படுக்க மாட்டேன் என்றன. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, மூன்று பலூன்கள் முக்காலியின் கால்களாக விரிந்தன, நான்காவது மேலே நிமிர்ந்தது. எதிரெதிரே வைத்த சிவப்புகள் கையை எடுத்ததும் பக்கத்தில் வந்து நின்றன. முடிச்சை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினாள். அப்போதும் அதே கதை. தட்டு வைத்து அமுக்கியதில் ஒன்று வெடித்தது.

“தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நின்னா எப்படிடி?” என்றார் அம்மா.

“காலைத்தாம்மா எண்ணிக்கிட்டிருக்கேன்.”

பக்கத்து பெஞ்சுக்காரி போனில் வழி சொன்னாள். “டேப் போட்டு ஒட்டிடு. தட்டையா நிக்கும்.”

ஒட்டினாள். நின்றது. எதிரெதிரே இரண்டு சிவப்பு, கேட்டது கேட்டபடி. ஆனால் நிற்பது டேப்பின் தயவில் என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதுகொண்டே டேப்பைப் பிய்த்தாள்.

மறுநாள் டீச்சர் முன்னால் போய் நின்றாள். கதவுக்கு வெளியே வகுப்பு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டாவது இல்ல டீச்சர். ஒண்ணுதான்.”

“சொந்தக் கட்சிக்காரனையே உள்ள தள்ற வக்கீலை இப்பத்தான் பாக்கறேன்,” என்று வெளியே யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

“அப்ப மார்க் வேண்டாமா?”

“வேணும் டீச்சர். இதுக்கு வேண்டாம். வேற கேள்வி கேளுங்க.”

டீச்சர் இழுப்பறையிலிருந்து இன்னொரு பொட்டலம் பலூனை எடுத்து மேசையில் வைத்தார். “நாலு பலூனும் நாலு நிறம்னா எத்தனை வடிவம்?”

வெளியிலிருந்து ஜன்னல் வழியே மூன்று விரல்கள் நீண்டன; தட்டையாகப் போட்டால் மூன்றுதான் வரும். பழைய வக்கீலாக இருந்தால் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லியிருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

ஊதி ஊதிக் கன்னம் கடுத்தது. ஒரு கொத்து கட்டினாள். இரண்டு நிறங்களை இடம் மாற்றி இன்னொரு கொத்து. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மணி அடித்தது, டீச்சர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவதாகக் கட்டியது, திருப்பியதும் முதல் கொத்தாகவே ஆனது.

“ரெண்டு டீச்சர். இந்த ரெண்டும் எப்படித் திருப்பினாலும் பொருந்தல. வேற எதைக் கட்டினாலும் இதுல ஒண்ணாத்தான் வருது.”

டீச்சர் இரு கொத்துகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் விடைத்தாளில் ஒரு மார்க்கைக் கூட்டினார்.

அவள் விடைத்தாளை வாங்கிக்கொண்டு நகரவில்லை. “அவங்களுக்கு?”

“அவங்க மூணுன்னுதானே காட்டினாங்க?”

அவள் மீதி பலூன்களை அள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“எல்லாரும் உள்ள வாங்க. ஊதினாத்தான் மார்க்.”