ஒற்றைச் சமன்குறி

மணிமங்கலம் ஏரிக்கரையில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடந்தவர்களுக்குத்தான் தெரியும், அது ரோடா, நாய்களின் ராஜ்ஜியமா என்று. கம்பெனி பஸ் பெண்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். போன வாரம் பாஞ்சாலியை நாய் கடித்தது. கூட நடந்த ஷெர்லின் அன்றே முடிவு கட்டிவிட்டாள், பஸ் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும்.

ஒரகடத்தில் அவர்கள் கம்பெனிக்குப் பஸ் விவகாரம் பார்ப்பவர் நடேசன். "உங்க ஊர் ஆளுங்க பாதி பஸ்ஸு தேறினா உள்ள வுடறேன். சாயங்காலம் ரூட்டு போட்டுடுவேன், அதுக்குள்ள கணக்கு காட்டு" என்றார்.

டிப்ளமாவில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு லைனில் ஒயர் சொருகுகிறவள் ஷெர்லின். பெண்கள் போனிலேயே தங்கள் ஊரைப் பதிகிற மாதிரி ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதினாள். எல்லாரும் பதிந்தார்கள். நடேசன் திறந்து பார்த்தால், கம்பெனியே மணிமங்கலத்தில் குடியிருந்தது.

"செங்கமலம் தண்டலத்துப் பொண்ணாச்சே, எப்ப உங்க ஊருக்கு வந்துச்சி? பஸ்ஸுக்கோசரம் டகால்டி வேலையா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு அந்த ரோட்டில் நடப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டு வரேன் சார்" என்றாள்.

கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்க, வரி வரியாகப் பார்த்தாள். அகப்பட்டது.

if (ஊர் = "மணிமங்கலம்")

ஒற்றைச் சமன்குறி போட்டால் அது எதையும் ஒப்பிடாது. வலப்பக்கத்தை இடப்பக்கத்தில் திணித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டும். இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்க மூன்று சமன்குறி வேண்டும். லைன் போர்டில் தினமும் "டார்கெட் =" என்று எழுதி எழுதிப் பழகிய கை அவளுடையது. அந்தப் போர்டு யாரையும் எதையும் கேட்டதில்லை, சொல்லும், அவ்வளவுதான்.

திருத்தினால் பாதி பஸ் தேறாமல் போய்விடலாம். போனால் போகட்டும், பொய்க் கணக்கில் வருகிற பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று இன்னும் இரண்டு குறிகளைச் சேர்த்தாள். செங்கமலம் தண்டலத்துக்குத் திரும்பினாள். மற்றவர்களும் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மணிமங்கலத்தில் மிஞ்சியவர்கள் பாதி பஸ்ஸுக்கு மேலேயே இருந்தார்கள்.

நடேசன் நம்பவில்லை. பெயர் பெயராகக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு, யார் எங்கே இறங்குவார்கள் என்று தானே முன்பு எழுதி வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "இத்தினி பேரா? இதுல எல்லாருக்கும் மெயின் ரோடுன்னுதானே கீது?"

"நீங்களும் என்னிய மாதிரி ஒத்தக் குறி போட்டு ரொப்பிட்டீங்க சார். யாரையும் கேக்கல."

நடேசன் பேனாவை எடுத்து, ரூட்டில் மெயின் ரோட்டை அடித்துவிட்டு, "பஸ்ஸு உள்ள எங்க நிக்கணும், சொல்லு" என்று கேட்டார்.