பக்கப்பிடி இல்லாத மெசின்

மூன்றாவது துளையில் பாதி போவதற்குள் மெசின் கருகிய மணம் விடத் தொடங்கியது. யோகலிங்கம் மெசினை ஓடவிடும் ஆளியிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முகத்தில் அப்பியிருந்த செங்கல் தூளை உடுத்தியிருந்த சாரத்தால் துடைத்தான். உப்புவெளியில் அந்தப் பழைய வீட்டைத் தொண்டு நிறுவனமொன்று அலுவலகமாக மாற்றிக்கொண்டிருந்தது. குளியலறைக் குழாய்களை வெளியே கொண்டுபோக, ஒன்பதங்குலச் சுவர்களில் நாலங்குல அகலத்தில் எட்டுத் துளைகள் போடவேண்டும்.

மெசின் முன்னால் பூட்டியிருந்தது வட்டமாகப் பல் வைத்த கனத்த இரும்புக் குழல். மெசினோ ஆணியடிக்கச் சின்ன ஓட்டை போடுகிற மலிவு மெசின். வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்விக்கிற கொந்தறாத்துக்காரர் முத்துலிங்கம் அதைக் கடையில் இருந்ததிலேயே குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார். மற்றக் கையால் பிடிக்கிற பக்கப்பிடி முதல் கிழமையே உடைந்துபோயிற்று.

கூட வேலை செய்த பக்கீர் காலையிலேயே சொல்லிப் பார்த்தார்.

"பாஸ், பல்லு கல்லில இறுகிச்செண்டா மெசின்தான் சுத்தும். கையையும் முறிச்சுப்போடும்."

"இறுக்கிப் பிடிச்சாச் சுத்தாது. எட்டு ஓட்டைக்கு வேற மெசினோ?" என்றார் முத்துலிங்கம்.

மெசின் ஆறியதும் யோகலிங்கம் மறுபடி தொடங்கினான். சுவரின் இரண்டாவது வரிசைக் கல்லில் குழல் சட்டென்று இறுகி நின்றது. மெசின் அவன் கையையும் சேர்த்துத் திருகியது. ஆளியை அழுத்தியபடியே நிற்கப் பூட்டி வைத்திருந்ததால் விரலை எடுத்தும் அது நிற்கவில்லை. பக்கீர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். யோகலிங்கம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி நின்றது.

ஓடிவந்து பார்த்த முத்துலிங்கத்துக்கு அவன் கையை விட வேறொன்றுதான் முதலில் நினைவுக்கு வந்தது. விபத்து நடந்தால் வேலையை நிறுத்திவிடுவதாக நிறுவனத்தின் பொறியியலாளர் குணேஸ்வரி எச்சரித்திருந்தார்.

"தம்பி, சைக்கிளால விழுந்ததெண்டு சொல்லு. வேலை நிண்டா உனக்கும்தான் கஷ்டம்."

யோகலிங்கம் ஓம் என்று தலையாட்டினான். போன வருடச் சண்டையில் கட்டைபறிச்சானிலிருந்து மனைவி பிள்ளைகளோடு ஓடிவந்தவன். அவனுக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டார்கள். கையில் கொடுத்த மருத்துவத் துண்டில் சைக்கிள் விபத்து என்று எழுதினார்கள். கூட வந்த பக்கீரோடு பஸ்ஸில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் படையினர் எல்லாரையும் இறக்கினார்கள். யோகலிங்கத்தின் அடையாள அட்டையில் சண்டை நடந்த ஊரின் விலாசம், கையில் புதுக்கட்டு; சண்டையில் காயப்பட்டவனோ என்று சந்தேகித்தார்கள். சைக்கிளால் விழுந்தவனுக்கு முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லையே என்று கேட்டார்கள். பயத்தில் அவன் உண்மையைச் சொன்னான். ஆனால் துண்டில் ஒரு கதை, வாயில் ஒரு கதை. அவனைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

முன்னால் நின்றதால் சோதனை முடித்துப் போயிருந்த பக்கீர், அதைப் பார்த்துவிட்டு நேரே முத்துலிங்கத்திடம் வந்து சொன்னார். பின்னேரம் விட்டுவிடுவார்கள், பொறுப்போம் என்றார் முத்துலிங்கம். அப்படிப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பக்கீரிடம் நடந்ததெல்லாம் கேட்டு யோகலிங்கத்தின் மனைவி ராசமலர் வந்தாள். அவள் அழவில்லை.

"கை முறிஞ்சது மெசினால அண்ணன். ஆளைப் பிடிச்சு வச்சிருக்கிறது உங்கட பொய்யாலதானே?"

முத்துலிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைபேசியை எடுத்துக் குணேஸ்வரிக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவர் வாகனத்தில் வந்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். முத்துலிங்கம் எழுதினார். கடிதத்தோடு இருவரும் சாவடிக்குப் போனார்கள். அதிகாரி ஆளனுப்பிச் சுவரில் சிக்கியிருந்த குழலைப் பார்த்துவரச் செய்தார். பொழுதுபடும் நேரம் யோகலிங்கம் வெளியே வந்தான். கைக்கட்டு உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாள் முத்துலிங்கமே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் துண்டைத் திருத்துவித்தார். எலும்பு பொருந்தினாலும் அந்தக் கையை அவனால் பிறகு முழுதாக மடக்க முடியவில்லை. நிறுத்தப்பட்ட வேலை இரண்டு கிழமை கழித்துத் தொடங்கியபோது, துளை போடுவதற்கென்றே உள்ள மெசின் வந்தது. புது ஆட்களும் வந்திருந்தார்கள். முத்துலிங்கம் அவர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"மெசின் பிழையெண்டா வேலையை நிப்பாட்டுங்கோ. நான் செய்யச் சொன்னாலும் செய்யாதேங்கோ. நான் ஒரு மெசினில மிச்சம் பிடிக்கப் பாத்தனான், யோகலிங்கத்தின்ர கை போச்சு. அதை மறைக்கப் போய் அவன்ர உயிரையும் இழக்கப் பாத்தம். வேலை செய்யிறவன்ர உடம்புக்கு வேலை குடுக்கிறவன்தான் பொறுப்பு. அது எனக்கு முதலே தெரிஞ்சிருக்கோணும்."