மூன்றாம் அத்தியாயத்தில் ஆள் இருக்கு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, விலங்குகளின் நடத்தை பற்றிய பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தாள் அந்த வீட்டு மருமகள். கட்டுரை எழுதவேண்டிய நேரத்தில் ஒரே ஒரு அத்தியாயம் அவளுக்குத் தண்ணி காட்டியது. எறும்புகளின் போக்குவரத்தைப் பற்றிய மூன்றாம் அத்தியாயம். பல்கலைக்கழக நூலகம் அச்சுப் புத்தகத்திலிருந்து அதை மட்டும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம். காலையில் பஸ்ஸில் தட்டினாள், மதியம் கேன்டீனில் தட்டினாள். எப்போது பார்த்தாலும் திரையில் ஒரே பதில்தான்: "இப்பாடத்தை வேறொருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். பிறகு முயலவும்."

அவளுடைய சந்தேகமெல்லாம் முதல் பெஞ்ச் மேல். எதிலும் முந்திக்கொள்வதால் உடன்படிக்கும் ஒரு பையனுக்கு வகுப்புத் தோழர்கள் வைத்த பெயர் அது. போன் போட்டுக் கேட்டேவிட்டாள்.

"கொஞ்சம் விட்டுக்கொடுப்பா. நாங்களும் கட்டுரை எழுத வேண்டாமா?"

"அக்கா, நானே திறக்க முடியாம வாசல்லதான் நிக்கிறேன். நீங்கதான் பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அடுத்து நூலகத்துக்குப் பேசினாள். நூலகர் அம்மா ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க கணக்குலதாங்க திறந்திருக்கு. இப்பக்கூடப் பக்கம் நகருது. வீட்டுல வேற போன், டேப்லெட் ஏதாவது இருக்கா?"

இருந்தது. மேட்ச் பார்ப்பதற்காகப் பழைய டேப்லெட்டை மாமனாரிடம் கொடுத்திருந்தாள். நூலகக் கணக்கை மூடாமலே கொடுத்துவிட்டது இப்போதுதான் உறைத்தது. ஆனால் மாமனாரா? ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் தாண்டாதவர். அவள் படிப்பில் சேர்ந்த அன்று, "பூச்சி பொட்டுக்கெல்லாமா பட்டம் குடுக்கிறாங்க?" என்று சிரித்தவர்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சமையலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் மாமனார். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் டேப்லெட். ஜன்னல் விளிம்பு நெடுக ஒரு கோடாகச் சர்க்கரை. அதில் எறும்புகள் போய் வந்துகொண்டிருந்தன.

"மாமா."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ரோட்டுல நிழல் விழுது." சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து டேப்லெட்டை மூடினார். "மேட்ச் ஓடுது."

"எறும்பு எத்தனை கோல் போட்டுச்சு?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்குமேல் மறைக்கவில்லை. "தெரியாமத்தான் தொட்டேன். போக்குவரத்துன்னு போட்டிருந்துச்சு. அட, நம்ம டிபார்ட்மென்ட்டாச்சேன்னு உள்ள போனேன். வெளிய வர முடியல. காட்டுல ஒரு எறும்பு இருக்காம், படை படையாப் போறது. இரையைத் தூக்கிட்டு வர்றதுக்கு நடு ரோடு, வெறுங்கையாப் போறதுக்கு ரெண்டு ஓரம். ஹாரன் கிடையாது, சிக்னல் கிடையாது. ஒண்ணை ஒண்ணு திட்டிக்கிறதும் கிடையாது."

"நம்ம வீட்டு எறும்பும் அப்படித்தான் போகுதா?"

"எங்க. இதுங்க நம்மள மாதிரியே இடிச்சுக்கிட்டுப் போகுது."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. தரையில் உட்கார்ந்து, அவரால் வகுப்பே காத்துக் கிடக்கும் கதையைச் சொன்னாள். மாமனாரின் முகம் சுண்டிவிட்டது. "படிக்கிற பிள்ளைங்க வழியையா மறிச்சேன்?" என்று டேப்லெட்டை அவளிடமே நீட்டினார். கை மட்டும் விடவில்லை.

"பாதை குறுகினா என்ன பண்ணும்னு அடுத்த அத்தியாயத்துல பாக்கலாம்னு முடிச்சுட்டாங்க. அது எங்கம்மா இருக்கு?"

"அதை ஸ்கேன் பண்ணல மாமா. புத்தகம் நூலகத்துல இருக்கு. அங்கயே உட்கார்ந்துதான் படிக்கணும்."

"என்னையெல்லாம் உள்ள விடுவாங்களா?"

ஊரையே அதட்டி ஓரம் கட்டிய குரல் அவ்வளவு இறங்கி அவள் கேட்டதில்லை. "கூட்டிட்டுப் போறேன், வாங்க," என்றாள்.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். வாசலில் பார்வையாளர் அட்டை கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டியதும் நடையே மாறிவிட்டது. உள்ளே முதல் பெஞ்ச் உட்கார்ந்திருந்தான். மாமனார் நேராக அவனிடம் போய், "தம்பி, உன் வழியை மறிச்சவன் நான்தான்," என்றார். கதையைக் கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். இருவரும் ஒரே புத்தகத்தின் மேல் கவிழ்ந்து வாதாடத் தொடங்கினார்கள். மாமனாரின் குரல் கடைசி சீட் வரைக்கும் கேட்டுப் பழகிய குரல். நூலகர் அம்மா வந்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். எதிரில் கட்டுரை எழுத உட்கார்ந்த மருமகளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாக இருந்தது.

திரும்பும்போது பாலத்தடியில் நெரிசலில் பஸ் சிக்கிக்கொண்டது. மாமனார் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றார்.

"குறுகலான இடம் வந்தா எறும்பு முட்டி மோதாது தம்பி. எதிர்ல வர்றதுக்கு நின்னு வழி விடுது. அதனால மொத்தமா யாருக்கும் தாமதம் ஆகுறதில்ல."

"எறும்புக்கு லேட்டாப் போனா திட்டுற டைம் கீப்பர் இல்லையேண்ணே," என்றார் டிரைவர்.

பஸ்ஸே சிரித்தது. மருமகள் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, அது எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

கட்டுரைக்கு வேண்டியிருந்தது.