ஏழாம் நாள், மாலை நான்கு மணி

ஆர்மீனியாவுக்குப் புறப்பட இன்னும் பதினெட்டு நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மே மாதம் அங்கே குளிரா, வெயிலா? கம்பளிக் கோட்டு இல்லாமல் போகாதே என்கிறார் என் அண்ணன். அவர் அந்த நாட்டை வரைபடத்தில்கூடப் பார்த்தவரில்லை. சும்மா ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிறாள், அங்கே கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் எங்கள் மகள். கோட்டைப் பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அவளைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. எனக்குக் கோட்டா முக்கியம்?

பயணத் திட்டம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. மருந்துக்கடை வைத்திருக்கிறார். எந்த மருந்துக்குத் தேதி சீக்கிரம் முடிகிறதோ அதை முன்வரிசைக்கு நகர்த்துவதுதான் முப்பது வருஷமாக அவருடைய காலை வேலை. வீட்டு ஃப்ரிட்ஜிலும் அதே சட்டம். அழுகப் போகிற தக்காளிக்கே முதல் மரியாதை என்பதால், நல்ல தக்காளியை நான் தின்று பல வருஷமாகிறது.

நேற்றுக் காலை திட்டத்தை நீட்டினார். முதல் நாள் அருங்காட்சியகம். அடுத்த நாள் ஏரி. அப்புறம் மலைமேல் ஒரு மடாலயம். மகளைத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன். ஏழாம் நாளில் இருந்தாள்: 'மாலை 4 மணி, மகள்.' அன்று இரவே திரும்பும் விமானம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்குத் தெரியாமல் அப்பாவுக்கும் மகளுக்கும் ஏதாவது சண்டையா?

"என்னங்க இது?"

"ரெண்டாம் நாள்லேருந்து மியூசியத்த ரிப்பேருக்கு மூடறாங்க. படகு புதன்கிழமை வரைக்கும்தான். எது முதல்ல முடியுதோ அது முன்னாடி."

"அவ?"

"அவ எங்கே போயிடப் போறா? கெட்டுப் போற பொருளா?"

அங்கேயே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"குட்டி, உனக்கு எத்தனை நாள் லீவு?"

"நீங்க வந்து இறங்கற அன்னிலேருந்து மூணு நாள்மா. நாலாம் நாள் என்னை வேற ஊர் சைட்டுக்கு அனுப்பிடுவாங்க. திரும்ப ஒரு மாசம் ஆகும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பா படகு நேரம் கேட்டாரு, பஸ் நேரம் கேட்டாரு. என் லீவப் பத்திக் கேக்கவே இல்லையேம்மா."

போனை வைத்தேன். நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அருங்காட்சியகம், ஏரி, மடாலயம் மூன்றையும் அடித்தார். மூன்று இடத்திலும் 'மகள்' என்று எழுதினார்.

"அவ மேல தேதி போட்டிருக்கலியே," என்றார். "அதான் பின்னால வச்சுட்டேன்."