கோப்பில் எழுதாத ஒரு வரி

மூன்று வாரமாக லேப்டாப்பை நான் நிறுத்தவே இல்லை. மூடியை மூடுவேன், திறப்பேன், அவ்வளவுதான். காரணம் சோம்பேறித்தனம். இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்குத் தேர்வு வைத்தது. வீட்டிலிருந்தே ஜாவாவில் நிரல் எழுதி, ஓட்டிப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் அனுப்ப வேண்டும். தேறினால் வேலை. இல்லாவிட்டால் அம்மாவோடு கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். கல்லூரியில் எனக்கு முன்னால் படித்த வீரமணி அண்ணன் ஃபோனிலேயே வரி வரியாகச் சொல்லி, லினக்ஸில் ஜாவாவைப் போட வைத்தார். ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் export வரியை, கட்டளை அடிக்கிற டெர்மினல் ஜன்னலில் அடித்தேன். ஓடியது.

"இது அந்த டெர்மினல் தொறந்துகினு இருக்கிற வரைக்கும்தான் மதி. டெர்மினல் தொறக்கும்போதெல்லாம் மெஷின் படிக்கிற .bashrc ஃபைல்லயும் எழுதிடு. இல்லன்னா மெஷின நிறுத்துனா பூடும்" என்றார்.

நாளைக்கு எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஓடுகிறதே, பிறகென்ன என்கிற திமிர்.

தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் எடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். மலைப் பக்கமிருந்து இடியோடு மழை வந்திருக்கிறது. போன வருசம் மின்னலில் டிவி போனதிலிருந்து, இடி இடித்தால் மெயினை இறக்கி, எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டால்தான் அம்மாவுக்கு மூச்சு வரும். லேப்டாப் பொத்தானையும் விளக்கு அணையும்வரை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். நான் வந்ததும் சொன்னாள். நல்லதுதான் என்றேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

காலையில் நிரலைச் சீக்கிரமே எழுதி முடித்தேன். ஓட்டினால் command not found என்று வந்தது. மெஷினை நிறுத்தியதில் அந்த export வரி போய், ஜாவா எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, ஃபோனைத் தொடக் கூடாது, வேறு பக்கம் திறக்கக் கூடாது. அந்த நீளமான ஃபோல்டர் பெயர் நினைவுக்கு வரவே இல்லை. தோன்றியதையெல்லாம் அடித்தேன். பதற்றத்தில், மற்ற கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்று மெஷினுக்குச் சொல்லும் பழைய PATH-ஐயும் அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு, ஃபைல் பெயர்களைக் காட்டும் ls-கூட வேலை செய்யவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

அம்மா வாசலில் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"நேத்து நான் நிறுத்தனதாலயா கண்ணு போச்சு?"

எழுத வேண்டிய வரியை எழுதாதது நான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா. உன்னாலதான்."

அவள் உள்ளே போனாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் கரும்புக் கொல்லையில் எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார்கள். கூட வெட்டுகிற அம்சவள்ளி அத்தை, படித்த பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று என்னைக் கேட்டாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ மேல ஒரு குத்தமும் இல்ல. நல்லாத்தான் படிச்சா. நான்தான் பொத்தான அமுக்கிக் கெடுத்துட்டேன்."

பாவி நான், நிமிராமல் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தேன்.